லாட் எண் பதினேழு

பிரேசிலிலிருந்து வந்த கடிதத்தில்
முக்கால் பங்கு ஆங்கிலம், மீதி போர்ச்சுகீஸ்.
காபி சுவைத்துப் பார்ப்பவராம், கையெழுத்து கிறுக்கல்.
மூன்றாம் வரியில் ஒரு சொல்லுக்குக் கீழே
பச்சை மையில் கோடு: எலோஜியோ.

"ஏதும் குறை சொல்லியிருக்கானா பாரு ஜெசிந்தா"
என்று போனில் சொல்லிவிட்டு முதலாளி
இருபது கொண்டையூசி வளைவும் இறங்கிச்
சேலத்துக்குப் பல் பிடுங்கப் போய்விட்டார்.

கான்வென்டில் கழித்துக் கட்டியபோது
நான் தூக்கி வந்த அகராதி,
கரையான் தின்றது போக மிச்சம்.
எலோஜியோ: பாராட்டு.
அப்பாடா.
ஆனால் அதன் தகப்பன் லத்தீனில் எலோஜியும்,
அவன் வேறு ஆள்.
கல்லறைக் கல்லில் வெட்டுகிற இரண்டு வரி.
உயிலில் பிள்ளையைத் தள்ளிவைக்கும் பிரிவு.
கைதியோடு சேர்த்தனுப்பும் குற்றக் குறிப்பு.
இன்னும் கீழே, பொடி எழுத்தில்,
கிரேக்கத்து ஒப்பாரியாக இருக்கலாம் என்று
ஒரு கேள்விக்குறி.

ஆச்சரியப்படவில்லை.
அஸ்தம்பட்டி சிக்னலில் மாட்டியிருக்கும்
கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைப் பாருங்கள்:
வட்டிக்கு விட்டவர் வள்ளலாகச் சிரிக்கிறார்.
அடிவாரத்து நடுகல்லில் வில்லோடு நிற்பவனை
உயிரோடிருந்தபோது யார் சோறு போட்டுக் கூப்பிட்டார்களோ.

இந்த ஆபீசைச் சுற்றிப் பார்த்தேன்.
சாவி அவர்கள் மொழி.
சாவி திறக்கும் அலமாரி அவர்கள் மொழி,
மேசை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே
கூடையை எடை போட்டு அரைக்கிலோ குறைக்கும் மேஸ்திரி,
எல்லாம் கப்பலேறி வந்த சொற்கள்.
மேஸ்திரி வந்தான்.
எலோஜியோ வரவில்லை.
கப்பலில் இடம் இல்லையோ என்னவோ.

கடிதம் பாராட்டியது லாட் எண் பதினேழை.
பதிவேட்டைப் புரட்டினேன்.
பழம் பறித்தது நாற்பது பேர்.
களத்தில் காயவைத்தது ஒரே ஆள்: பொங்காயி.
பதினெட்டு நாள், மணிக்கொரு தரம்,
வெறுங்காலால் கொட்டையில் சால் பிடித்து நடந்தவள்.
காயந்தது போதுமா என்று
பல்லால் கடித்துச் சொல்பவள்.
ஒரு வாய் காபி குடிக்கமாட்டாள்,
நெஞ்சு கரிக்குமாம்.
நானும் குடிப்பது பாக்கெட் தூள்தான், சிக்கரி போட்டது.

களத்துக்குப் போனேன்.
சில்வர் ஓக் நிழல் பாதிக் களத்தை எட்டியிருந்தது.
"பொங்காயி, கடல் தாண்டி உன்னைப் புகழ்ந்து
லெட்டர் வந்திருக்கு."
நடையை நிறுத்தவில்லை அவள்.
"கூலி ஏத்துறாங்களா?"
"அது இல்ல. நல்லா இருக்குன்னு..."
"நல்லா இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"
அந்தக் கோடியில் திரும்பி, இந்தக் கோடிக்கு வந்து,
"எங்க மாமியா செத்தன்னைக்கு ஊரே சொன்னாங்க,
தங்கமான பொம்பளன்னு.
அதுவரைக்கும் அவ பேரே எனக்குத் தெரியாது,
கெழவின்னுதான் கூப்பிட்டோம்."

அவளுக்கு நான் லத்தீன் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால், இதுக்கா புஸ்தகம் என்றிருப்பாள்.

கிடங்கில் அடுத்த லோடு நின்றது,
அறுபது சாக்கு.
தகர அச்சு வைத்து எஸ்டேட் பெயர் அடிப்பது என் வேலை.
பிரஷ்ஷில் மை மிச்சம் இருந்தது.
முதல் சாக்கில், எண்ணுக்குக் கீழே,
அச்சில்லாமல் கையால் எழுதினேன்: பொங்காயி.
ஒம்பது மாதிரி கோணிக்கொண்டது கடைசி எழுத்து.
இரண்டாவது சாக்கிலும் எழுதினேன்.
உயிரோடு இருப்பவளுக்கு
சணல் போதும் என்று தோன்றியது.
மேஸ்திரி பார்த்தான். பார்க்காதது போல் போனான்.

ஏழாவது சாக்கில்
தகரக் கூரைமேல் முதல் துளி.
தை மாதத்தில் என்ன மழை இது?
"தார்ப்பாய்!" என்று களத்திலிருந்து கத்தினாள்.
ஓடினேன்.
ஒரு முனை அவள், ஒரு முனை நான்,
காற்று நடுவில் புகுந்து தூக்க
வாய்க்கு வந்தபடி என்னைத் திட்டினாள்,
"இழு, இன்னும் இழு, படிச்ச கழுத!"
கக்கத்தில் இடுக்கியிருந்த கடிதம்
எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.
கொட்டை நனையவில்லை.